தலையசைப்பு வரும்வரை

பெரியம்மா சிறுமியாக இருந்தபோது, மூடப்போகிற ஓர் ஓட்டலிலிருந்து தாத்தா பழைய பியானோ ஒன்றை வாங்கிவந்தார். உள்ளே கொண்டுவர ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தார்கள். இருந்த ஒரே கூடத்தையும் அது அடைத்துக்கொண்டது. பெரியம்மாவும் அவள் தங்கையான என் அம்மாவும் அதன் அடியில் பாய் விரித்துத் தூங்கித்தான் வளர்ந்தார்கள்.

இரண்டு பெண்களுக்கும் டீச்சர் வைக்கத் தாத்தாவுக்கு வசதியில்லை. பெரியவள் கற்றுக்கொண்டாள். சின்னவள் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இசைத்தாளைத் திருப்பினாள். அப்படித் திருப்பித் திருப்பியே அம்மாவுக்கு ஸ்வரம் படிக்க வந்துவிட்டது. அக்காவின் பாடம் முழுக்க அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வாசிக்க மட்டும் தெரியாது.

பெரியம்மா போட்டிகளில் ஜெயித்தாள், பெரிய அரங்குகளில் வாசித்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், பியானோ என்கிற யானையைக் கட்டித் தீனி போடுகிறவளுக்கு மாப்பிள்ளை வேறா என்பாள். தன் பியானோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது; அந்தந்த அரங்கில் இருப்பதில்தான் வாசிக்கவேண்டும். அது சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, குறை சொல்லாமல் முழுங்கவேண்டியதுதான் என்று சிரிப்பாள். மனப்பாடமாக வாசிக்கக்கூடியவள்தான், ஆனால் தாள் இல்லாமல் மேடையேறமாட்டாள். தங்கையைக் கூடவே கூட்டிப்போக அது ஒரு சாக்கு என்பார் அப்பா.

மேடையில் அம்மாவுக்கு ஒரே வேலை. பக்கம் முடிவதற்கு ஒரு வரி இருக்கும்போது எழுந்து, தாளின் மேல்மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அக்கா லேசாகத் தலையசைத்ததும் திருப்பிவிட்டு உட்காருவாள். பக்கம் திருப்புகிறவளுக்குக் கண் உண்டு, வாய் கிடையாது என்பது டீச்சர் போட்ட சட்டம். கச்சேரி முடிந்து வீடு திரும்பும் ரயிலிலும் அம்மா வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு பெரியம்மாவின் வலக்கையில் கடைசி இரண்டு விரல்களும் சுருள ஆரம்பித்தன. வலி இல்லை. தலை பின்னும்போது, காய் நறுக்கும்போது எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. பியானோவில் வைத்தால் மட்டும் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டன. சோம்பேறித்தனம் என்று நினைத்துப் பயிற்சியை இரட்டிப்பாக்கினாள். நடுவிரலைக் கொண்டு சமாளித்தாள். எட்டாத ஸ்வரங்களை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். வேகமான இடங்கள் மெதுவாயின. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் புதிய முதிர்ச்சி என்று புகழ்ந்து எழுதினார்.

அரங்கில் யாருக்கும் கை தெரியாது. பக்கத்து நாற்காலியிலிருந்து எல்லாமே தெரியும்.

ஒரு கச்சேரியின் நடுவே வலக்கை மொத்தமாக மூடிக்கொண்டது. இடக்கை மட்டும் கொஞ்ச தூரம் போனது. அம்மா எழுந்து நின்றாள், தலை அசைந்தது, திருப்பினாள். புதுப் பக்கத்தின் பாதியில் பெரியம்மா பியானோவை மூடினாள்.

கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். எந்த விரல் எது என்பது மூளைக்குள்ளேயே குழம்பிவிட்டதாம். அதிகப் பயிற்சி அதைத் தீனி போட்டு வளர்த்திருக்கிறது. ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தால் மீட்டிருக்க வாய்ப்பு உண்டு, இனி அந்த நம்பிக்கை தரமுடியாது என்றார்.

அங்கே நான் இல்லை. வழக்கம்போல வேலை விஷயமாக எங்கோ ஓர் ஊரில் இருந்தேன். திரும்பிவந்த பிறகு அம்மாதான் சொன்னாள். டாக்டர் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து பெரியம்மா கேட்டிருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ இடது கைக்கு மாத்தின முதல் நாள்லேருந்து."

"ஏண்டி சொல்லல?"

"நீ என்கிட்ட மறைக்கலையே அக்கா. என் கண்ணு முன்னாடிதானே வாசிச்ச. தெரிஞ்சுதான் செய்யறன்னு நெனச்சேன்."

பெரியம்மா வலக்கையை விரித்துப் பார்த்தாளாம்.

"நீ ஒண்ணும் சொல்லலையா, அதனால வெளியில தெரியலன்னு நான் நெனச்சேன்."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை என்கிறாள் அம்மா.

இந்த வாரம் பெரியம்மா வீட்டுக்கு நானும் அம்மாவும் போனோம். யானை இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. மாலையில் அவள் தாளை விரித்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடாமலே அம்மா இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். வலக்கை மடியில் மூடிக் கிடக்க, இடக்கை மட்டும் வாசித்தது. எனக்குக் கேட்டதெல்லாம் அடிக்குரல்தான், பாட்டில்லாத துணை.

ஒரு வரி இருக்கும்போது அம்மா எழுந்து மூலையைப் பிடித்தாள். இடக்கை தன் பங்கை முடித்து நின்றது. கூடத்தில் சத்தமே இல்லை. அம்மா திருப்பவில்லை. இரண்டு பேரும் தாளில் மேல்வரியைக் கண்ணால் படித்துக்கொண்டு போனார்கள். வலக்கைக்கு அங்கே இன்னும் வாசிக்க இருந்தது. அது முடிந்த பிறகுதான் பெரியம்மா தலையசைத்தாள்.