இடம் போட்ட பை

சிலமலை குருவம்மாள் இருபத்தாறு வருஷமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். விடிகாலையில் ஜீப்பு ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு. அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் தூக்குவாளியை வைத்துவிட்டால் இடம் வைத்தவளுக்கு. அவள் வந்து ஏறாமல் வண்டி நகராது. டிரைவர் ஆரன் அடிப்பார், வாய்க்கு வந்தபடி வைவார், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

அப்பேர்ப்பட்டவள் போன ஆவணியில் முதல் தடவையாக ரயிலேறப் போடி ஸ்டேஷனுக்கு வந்தாள். மகள் சுகன்யா நர்சுக்குப் படித்துவிட்டு மதுரையில் விடுதியில் இருந்தாள். மறுநாள் காலையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் வராதே என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதைத்தான் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

சாயங்கால மதுரை ரயில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. குருவம்மாள் சன்னலோரமாகப் பையை வைத்தாள். எதிர் சீட்டுப் பெண்ணிடம், “எடம் போட்டுருக்கேன் ஆத்தா, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வெளியே டீ குடிக்கப் போனாள். பாதி டீயில் ரயில் ஊதியது. அவள் பதறவே இல்லை. ஆரன்தானே என்று ஊதி ஊதிக் குடித்தாள். திரும்பி வந்தால் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“யோவ்! பை உள்ள இருக்குய்யா! நிப்பாட்டுங்கய்யா!”

ரயிலுக்கு ஜீப்பு மரியாதை என்ன தெரியும்? அது பாட்டுக்குப் போய்விட்டது.

பிள்ளை நாலு வருஷம் படித்ததை ஒரு கிளாஸ் டீக்குத் தொலைத்தோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஸ்டேஷனில் வேலை பார்க்கும் மனோஜ் ஓடிவந்து விசாரித்தான். எந்தப் பெட்டி, எந்த சீட்டு என்று கேட்டுக்கொண்டு தேனி ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

“பை பத்திரமா இருக்கும்மா. ஆனா ஒரு அம்மா தேனி ஆளுகிட்டக் குடுக்கமாட்டேங்குது. நீங்களே பேசுங்க.”

குருவம்மாள் போனை வாங்கினாள். எதிர் சீட்டுப் பெண்ணின் குரல்தான்.

“யாருன்னு தெரியாத ஆளுகிட்ட எப்பிடிக்கா குடுக்குறது? எங்கிட்டத்தான சொல்லிட்டுப் போனீக?”

“நல்லா இருப்ப ஆத்தா. எம்மக சுகன்யா மதுரை ஸ்டேசன்ல வந்து நிப்பா. அவகிட்டக் குடுத்துரு.”

“சரிக்கா” என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கும் போன் போட்டுப் பெட்டியையும் சீட்டையும் சொல்லிவிட்டு, எட்டு மணிவரை குருவம்மாள் ஸ்டேஷனை விட்டு அசையவில்லை. மனோஜ் வாங்கிக் கொடுத்த வடையையும் தொடவில்லை. ஒருவழியாகச் சுகன்யா கூப்பிட்டாள்.

“பை வந்துருச்சும்மா. எல்லாம் சரியா இருக்கு.”

குருவம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது.

“அந்த அக்கா பேரு ஜக்கம்மாளாம். உசிலம்பட்டியில எறங்க வேண்டியவுகளாம்மா. இந்தப் பைக்காக எறங்காம வந்துருக்காக.”

தேனியிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். அந்த மகராசி மூச்சு விடவில்லையே என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டாள்.

“அவுகளச் சாப்பிட வச்சு, உசிலம்பட்டி பஸ்சுல ஒக்கார வையி ஆத்தா” என்றாள். “பஸ்சு கெளம்புற வரைக்கும் நீ அங்கிட்டு இங்கிட்டு நகரக்கூடாது.”