பார்மட் ஆகாத பாலம்மாள்

மந்திரமூர்த்தி தன் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அது வாரம் தவறாமல் வாய்த்தது. ஒருமுறை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டு, இந்த இடத்தில் சுவர் கட்டச் சொன்னது யார் என்று அந்த வீட்டுக்காரரிடமே சண்டைக்குப் போனார். கடைசியில் சுவரைப் பறிகொடுத்தவர்தான் சமாதானம் பேசினார்.

தென்காசியில் அவருக்குப் பழ வியாபாரம். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் காலையில் சரக்கு ஏற்றுவார். ஊருக்குள் நாலு தெரு சுற்றிவிட்டு மேலகரம் வழியாகக் குற்றாலம் போவார். அருவிக்கு வரும் கூட்டத்திடம் மிச்சத்தைத் தள்ளிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். சாரல் மாதங்களில் மங்குஸ்தான், ரம்புட்டான். மற்ற நாட்களில் கொய்யாவோ திராட்சையோ, எது மலிவோ அது. பழத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார். முகம்தான் வியாபாரத்துக்கு ஆகாத முகம். பழம் வாங்க வருகிறவர்களை, பழம் திருட வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்து வழி கண்டுபிடித்தவள் அவர் மனைவி பாலம்மாள். ஒரு சாரல் மாதத்தில் அடுக்களையில் நின்றபடியே செல்போனில் பேசிப் பதிவு செய்தாள். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஹ்சன் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். வண்டியின் பின்பக்கம் ஒரு பழைய மைக்செட் பெட்டி, மேலே ஒரு குழாய் ஸ்பீக்கர். பென் டிரைவைச் செருகியதும் பாலம்மாள் தெருவெல்லாம் கேட்கப் பேசினாள்:

"மங்குஸ்தான், ரம்புட்டான், வாங்க மதினி. எடுத்துப் பாருங்க, தின்னு பாருங்க. புளிச்சா திருப்பிக் குடுங்க. எங்க வீட்டுக்காரவ முகம் அப்படித்தான் இருக்கும், ஒண்ணும் சொல்ல மாட்டாவ, பயப்படாம வாங்க."

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தது. வந்ததும் அந்த முகத்தைப் பார்த்தது, குழாய் சொன்னது சரிதான் என்று இன்னொரு தடவை சிரித்தது, இரண்டு கிலோ வாங்கியது. வியாபாரம் பிடித்துக்கொண்டது. மந்திரமூர்த்தி மட்டும் அதைத் தன் கைராசி என்றே நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் வினையாயிற்று. சீசன் தொடங்கும் சமயத்தில் அச்சன்புதூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் யாரோ, பாலம்மாளின் குரலுக்காகவே பழம் வாங்குகிறோம் என்று புகழ்ந்தார்கள். மந்திரமூர்த்தியால் சும்மா இருக்க முடியவில்லை. "பழம் நல்லா இருந்தா குழாய்ல நாய் குலைச்சாலும் விக்கும்" என்றார். இலையில் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்தார்கள். பாலம்மாள் பாயசத்தைக் குடித்து முடித்தாள், கையைக் கழுவினாள், பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப நாயையே குலைக்கச் சொல்லுங்க" என்றாள். அண்ணன் அய்யாக்குட்டியின் பைக்கில் ஏறி மேலகரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றே போய், பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் அவரிடம் இல்லையே. பதிலுக்கு, அவள் குரலை அழித்துவிட்டுத் தன் குரலை ஏற்றிக்காட்டுவது என்று முடிவு செய்தார். மறுநாள் காலையில் அஹ்சனின் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

அஹ்சன் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி அழித்தான். அழிந்தது. கழற்றி மறுபடி செருகினான். பாலம்மாள் அப்படியே இருந்தாள். பார்மட் போட்டுப் பார்த்தான். பார்மட் செய்ய முடியவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து என்னென்னவோ தட்டினான். இன்னொரு கம்ப்யூட்டரில் மாற்றிப் போட்டான். ஒவ்வொரு தடவையும் கழற்றிச் செருகியதும் "பயப்படாம வாங்க" என்றாள் பாலம்மாள்.

பென் டிரைவுக்குள் இருக்கும் சிப் ஆயுள் முடிகிற நேரத்தில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது என்று அஹ்சன் விளக்கினான். உள்ளே இருப்பதைக் கேட்கலாம், புதிதாக எதையும் ஏற்ற முடியாது, இருப்பதை அழிக்கவும் முடியாது. புதுப் பென் டிரைவ் ஒன்றில் மந்திரமூர்த்தியின் குரலை ஏற்றிக் கொடுத்தான். மைக்செட் பெட்டிக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி அரதப் பழசு, கொள்ளளவு குறைந்த அந்தக் காலத்துப் பென் டிரைவைத்தான் அதற்குத் தெரியும், அது இப்போது கடைகளில் வருவதில்லை. விளக்கு கண்ணைச் சிமிட்டியது, சத்தம் வரவில்லை. பெட்டியை மாற்றுங்கள் அண்ணாச்சி என்றான். சீசன் நேரத்தில் பெட்டியை மாற்றுவதாவது என்று மந்திரமூர்த்தி எரிந்து விழுந்தார்.

தென்காசியில் ஆகாதது ஆலங்குளத்தில் ஆகும் என்று பஸ் ஏறினார். அங்கே ஒரு கடையில் ஜெயபிரியா என்ற பெண் பென் டிரைவை வாங்கிச் செருகினாள். கடை நிறைய ஆட்கள் நிற்க, எங்க வீட்டுக்காரவ முகம் அப்படித்தான் இருக்கும் என்று குரல் கணீரென்று வந்தது. கடை மொத்தமும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. இவ்வளவு நல்ல குரலை எதற்கு அழிக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். பழசாகிவிட்டது என்றார் மந்திரமூர்த்தி. அவளும் முயன்று பார்த்துவிட்டு, இது தேறாது, தூரப் போட்டுவிடுங்கள் என்று சொன்னாள். அவர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பினார்.

பிறகு தன் தொண்டையையே நம்பிக் கூவினார். மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கொண்டது. ஓர் அம்மாள் கதவைத் திறந்து, பழம் விற்கிறீர்களா, யாரையாவது வைகிறீர்களா என்று விசாரித்தாள். ரம்புட்டான் வெயிலில் முடி கருத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பென் டிரைவைப் பெட்டியில் செருகினார். கதவுகள் திறந்தன.

இப்படியாக, மனைவி இல்லாத மனிதர் மனைவியின் குரலைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். சாயங்காலம் பெட்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் வெறிச்சென்று இருந்தது. பகலெல்லாம் காதுக்குள் பேசியவள் ராத்திரிச் சோற்றுக்கு இல்லை. அவருக்கு அது வலித்தது. வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் வீம்பு விடவில்லை.

மேலகரம்தான் சிக்கல். குற்றாலம் போகும் வழியில் அய்யாக்குட்டியின் தெரு வரும், அங்கே நல்ல வாடிக்கையும் உண்டு. பெட்டியை நிறுத்திவிட்டுக் கடக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். நிறுத்தினால் மச்சானுக்குப் பயந்து நிறுத்தினான் என்று பேச்சு வரும். சத்தத்தைக் கூட்டாமல் சாதாரணமாகப் போனால், ஏதோ கூச்சப்பட்டுக்கொண்டு போகிறான் என்று வரும். ஆகவே அந்தத் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் போய் சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்துவிட்டு, நேர் பார்வையில் ஓட்டினார். அய்யாக்குட்டி வீட்டு கிரில் கேட்டுக்குப் பின்னால் ஒரு சேலை தெரியும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். சேலை என்ன நிறம் என்பது மட்டும் தினமும் தெரிந்திருந்தது.

சீசன் பாதி கடந்த ஒரு காலையில் அய்யாக்குட்டி தெரு நடுவில் நின்று கையைக் காட்டி வண்டியை மறித்தார். கைகலப்புக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மந்திரமூர்த்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டே இறங்கினார்.

அய்யாக்குட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன். மத்தவனா இருந்தா வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருப்பான். நீங்க தெருத்தெருவா அவ சத்தத்தப் போட்டுல்லா மன்னிப்பு கேக்குதிய. எங்க தெரு பொம்பளைய எல்லாம் அழுதிட்டாவ" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் பின்னால் பாலம்மாள் பையோடு நின்றாள். மந்திரமூர்த்தி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு வண்டியில் ஏறினார். அவள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாரல் லேசாக விழுந்துகொண்டிருந்தது. வண்டி மேலகரத்தைத் தாண்டியது. பின்னால் ஒரு பாலம்மாள் மங்குஸ்தான் விற்றுக்கொண்டுவர, பக்கத்தில் இன்னொரு பாலம்மாள் தணிந்த குரலில் பேசினாள். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியுமாம். ஆனால் ஒரு நாள் விடாமல் அவள் குரலைப் போட்டாரே, அது போதுமாம். அண்ணன் தெருவில் மட்டும் சத்தத்தைக் கூட்டிக்கூட்டி வைத்தபோது மனசு தாங்கவில்லையாம்.

புத்தியுள்ள மனிதன் இந்த இடத்தில் ரோட்டைப் பார்த்து ஓட்டியிருப்பான். மந்திரமூர்த்திக்கோ, தான் கேட்காத மன்னிப்பைக் கேட்டதாகச் சொன்னது தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அதுவும் தெருத்தெருவாக, அழுகிற பெண்கள் சாட்சியாக.

"நான் யார்ட்டயும் மன்னிப்பு கேக்கல. அத அழிக்கத்தான் பாத்தேன். இங்கன அஹ்சன்ட்ட குடுத்தேன், ஆலங்கொளத்துல குடுத்தேன். அழியல. அதான் ஓடுது" என்றார்.

பாலம்மாள் அவர் பக்கம் திரும்பி, "எங்க தெருவுல சத்தத்தக் கூட்டுனது?" என்று கேட்டாள்.

"ஒங்க அண்ணன் காது கிழியணும்னு."

"வண்டிய நிறுத்துங்க. நான் எறங்கிக்கிடுதேன்" என்றாள் அவள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் நிறுத்தினார். பக்கத்தில் கார்களும் வேன்களும் அருவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தன. இந்தத் தடவை போனால் இவள் வரமாட்டாள் என்பது அவருக்கு உறைத்தது. அய்யாக்குட்டி வரமாட்டார், தெருப் பெண்கள் அழமாட்டார்கள், பென் டிரைவ் எதையும் செய்துதராது. அவள் கதவைத் திறக்கும் முன் அவர் இறங்கிப் பின்னால் ஓடினார். பெட்டியை நிறுத்தினார். குழாய் பாதி வார்த்தையில் நின்றது. சுற்றிக்கொண்டு அவள் பக்கத்துக் கதவுக்கு வந்தார். முகம் வழக்கம்போல் திருடனைப் பிடிக்கிற முகமாகத்தான் இருந்தது. கைதான் கதவை விடாமல் பிடித்துக்கொண்டது.

"அன்னைக்கு நான் பேசுனது தப்பு, பாலம்மா. நீ சொல்லாட்டி பழம் விக்காது. நீ இல்லாட்டி எனக்கு வீடும் ஓடாது" என்றார்.

பாலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு. போயி அதப் போடுங்க, யாவார நேரம்" என்றாள்.