ஒச்சப்பன் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது

ஒச்சப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. போடியில் ஏலக்காய்த் தரகர். மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவருக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் நடுவில் நின்று, ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, இது இன்ன தரம் என்று சொல்வதுதான் தொழில். இருபத்தெட்டு வருடமாக அவர் சொன்ன தரத்தை யாரும் மறுத்ததில்லை. ஆறு மாதமாக அவருக்கே அதில் சந்தேகம் வந்திருந்தது. எந்த மூட்டையை அவிழ்த்தாலும் காய் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தது.

தேனியில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலது கண்ணை ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் இப்போது முடியாது என்றும் அவரே சொன்னார். சாப்பிட்டபின் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆறு வாரத்தில் இருநூறுக்குக் கீழே கொண்டுவந்தால் தேதி தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

கண் மங்கிய தரகரை நம்பி யார் மூட்டையை அவிழ்ப்பார்கள்? விஷயம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. சர்க்கரையைக் குறைக்கும் வேலையை, குடும்பத்தில் அதைப்பற்றி எதுவும் தெரியாத எல்லோரும் உடனே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் அனுப்பிரியா ஒரு உணவுப் பட்டியல் அனுப்பினாள். அதிலிருந்த பதினான்கு சாமான்களில் போடிக் கடைத்தெருவில் கிடைத்தது வெள்ளரிக்காய் மட்டும். மாப்பிள்ளை ஒரு பவுடர் டப்பா அனுப்பினார். கரைத்தால் மாட்டுத் தீவன வாசனை வந்தது. மாடு குடிக்குமா என்பது வேறு விஷயம். மச்சினன் மொக்கச்சாமி, அரிசியே விஷம் என்று அடித்துச் சொன்னார். சொல்லும்போது அவர் வாயில் ஐந்தாவது இட்லி இருந்தது.

ஒச்சப்பன் மூன்று நாள் அரிசியைத் தொடவில்லை. முகம் ஒடுங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். நான்காம் நாள் சோலியாகப் பூப்பாறை போனவர் ஆறு பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். பரோட்டாவில் அரிசி கிடையாதே என்பது அவர் வாதம்.

அன்றைக்குத்தான் மனைவி சந்திரவல்லி பவுடரைக் கொட்டிவிட்டு டப்பாவில் புளியை அடைத்தார். அவருடைய வைத்தியத்தில் பெயர் சொல்லும்படி ஒன்றுமில்லை. மதியம் மூன்று கரண்டிச் சோறு ஒன்றரையாகும், மிச்ச இடத்துக்கு அவரைக்காயோ கீரையோ வரும். ராத்திரிப் பத்து மணித் தோசை ஏழரைக்கே முடிந்துவிடும். மாத்திரை சட்டைப் பையிலிருந்து துணி துவைக்கிற கல்லுக்குப் போகாமல் வாய்க்குப் போகும். மார்க்கெட்டுக்கு வண்டி கிடையாது, நடை.

இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று ஒச்சப்பனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

“பட்டினி கெடந்தாத்தான் உங்களுக்கு வைத்தியம்னு தோணும். சாப்பிடுங்க, நடங்க. அந்தக் கண்ண வச்சுக்கிட்டு வண்டியெடுத்தா சர்க்கரை கொறையிற வரைக்கும் நீங்க இருக்கணுமே” என்றார் சந்திரவல்லி.

நடப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் போடியில் நடந்து பார்த்ததில்லை. விடியற்காலையில் வெள்ளை ஷூவும் குரங்குக் குல்லாயுமாக நடந்தால் உடற்பயிற்சி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒன்பதரை மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையில், வண்டி வைத்திருக்கும் ஒரு தரகர் நடந்தால் அது செய்தி. இரண்டு கிலோமீட்டருக்குள் ஏழு வண்டிகள் பக்கத்தில் நின்றன. ஏறுங்கண்ணே என்ற ஒவ்வொருவரிடமும் ஒச்சப்பன் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னார். இரண்டாவது வாரம் வாய்வார்த்தையிலேயே இன்ஜினைப் பிரித்துப் போட்டார். மூன்றாவது வாரம் மதுரையிலிருந்து ஒரு சாமான் வரவேண்டியிருந்தது. நான்காவது வாரம் மெக்கானிக் சிவக்குமார் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“சித்தப்பா, ஒரு வண்டிய ஒரு மாசமா சரிபண்ணத் தெரியாதவன்னு ஊரே என்னைய ஏசுது. நீங்க இன்னும் வண்டியவே கொண்டாரலையே.”

சந்திரவல்லி அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

டீ அடுத்த தலைவலி. மார்க்கெட்டில் விலை படிந்தால் டீ வரும். குடித்தால் பேச்சு முடிந்தது. வேண்டாமென்றால் விலையில் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு டீ, அத்தனையிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஒச்சப்பன் டீக்கடைச் சின்ராசுவின் காதோரம் போய், இனி எனக்கு மட்டும் சீனி போடாதே என்று ரகசியமாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து ரகசியமாக எதுவும் பேசியிராத சின்ராசு, “ஒச்சப்பண்ணனுக்குச் சீனி இல்லாம ஒண்ணு” என்று கடைசிக் கடை வரை கேட்கும்படி கத்தினான். நல்லவேளை, பாதி மார்க்கெட்டுக்குச் சர்க்கரை. நாலு பேர் தங்களுக்கும் அப்படியே போடச் சொன்னார்கள். ஒச்சப்பன் அரை டீயாகக் கேட்கத் தொடங்கியதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேட்டி இடுப்பில் இரண்டு விரல்கடை உள்ளே போனது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்தாவது வாரம் மாயக்காள் ஜீப்பில் வந்து இறங்கினார். பூப்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற அம்மா, ஒச்சப்பனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூட்டையை அவிழ்த்தார். ஒச்சப்பன் ஒரு கைப்பிடி அள்ளி, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டு, நல்ல பச்சை, புதுக் காய் என்றார்.

பக்கத்தில் நின்ற வியாபாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தம்பி, இது போன வருசத்துக் காய். வெளுத்துப்போய் பல்லி முட்டையாட்டம் கெடக்கு. உங்களச் சோதிக்கத்தான் மேல ரெண்டு கை போட்டுக் கொண்டாந்தேன்” என்றார் மாயக்காள்.

ஒச்சப்பன் ஒரு மாதப் பழக்கத்தில், வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்றார்.

மாயக்காள் சிரிக்கவில்லை. “ஒங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எங்களுக்குச் சித்திரையிலயே தெரியும். நீங்க வண்டியில வந்தா ஜீப்புக்காரனே ஒதுங்கி நிப்பான். நீங்க நடக்க ஆரம்பிச்சப்பறந்தான் இந்த ரோட்டுக்கே மூச்சு வந்துச்சு.”

வியாபாரியும் ஒப்புக்கொண்டார். ஒச்சப்பன் தரம் சொல்லிவிட்டுப் போனபிறகு, சித்திரையிலிருந்தே எல்லோரும் மூட்டையை இன்னொரு தடவை கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மனசு நோகுமே என்று சொல்லவில்லையாம். ஒச்சப்பன் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். உண்மையாகவே மனசு நொந்தது இப்போதுதான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்லக்கா.”

“எதக் கேட்டாலும் வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்குன்னீங்க. கண்ணு எங்கயிருக்குன்னு நாங்க எப்பிடிக் கேக்குறது?”

புரை, முந்நூற்றுப் பன்னிரண்டு, டாக்டரம்மா போட்ட கெடு, எல்லாவற்றையும் ஒச்சப்பன் சாக்கில் உட்கார்ந்தபடியே சொன்னார். அதன்பின் அந்த ரோட்டில் அவருக்காக ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஏறிக்கொண்டு நடையை விட்டுவிடப் போகிறாரோ என்று சிலர் வேகத்தைக்கூடக் கூட்டினார்கள்.

ஆறாவது வாரம் சர்க்கரை நூற்று எண்பத்து நான்கு. என்ன டயட் இருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அதற்குப் பெயர் எதுவும் ஒச்சப்பனுக்குத் தெரியவில்லை; சோற்றைக் குறைத்தேன், நேரத்துக்குச் சாப்பிட்டேன், நடந்தேன், மாத்திரையை முழுங்கினேன் என்றார். அப்படியே தொடருங்கள் என்று சொல்லி வியாழக்கிழமைக்குத் தேதி எழுதினார்.

மார்க்கெட்டில் யாரும் இதை நம்பவில்லை. என்ன பவுடர் என்று மூன்று பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நடந்தேன் என்றதும், சொல்ல இஷ்டமில்லையென்றால் விடுங்கள் என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

மாயக்காள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பறிப்புக் காய் இரண்டு மூட்டை வந்திருந்தது. வியாபாரி கேட்டும் அவிழ்க்கவில்லை. கண்கட்டைப் பிரித்துவிட்டு வந்து தம்பி பார்த்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் கயிற்றில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார். ஒச்சப்பன் நன்றி சொல்ல வாயெடுத்தபோது மாயக்காள் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“ஒண்ணும் அவசரமில்ல தம்பி, பொறுமையா ரெஸ்ட் எடுங்க. பத்து நாள்ல வெலையும் ஏறிரும்.”