குழை தின்னாத உடும்பு

எங்கள் மடத்துவெளி வீட்டில் உடும்பு என்றால் கறி. கனடாவிலிருந்து பெரியமாமாவின் கடிதம் வரும்வரை அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

சண்டை நின்றிருந்த சமாதான காலம் அது. எனக்கு ஒன்பது வயது. கடிதத்தோடு ஒரு படமும் வந்திருந்தது. மாமாவின் மகளுடைய தோளில், பச்சைப்பசேலென்று, முதுகெல்லாம் முள்ளோடு ஒரு பிராணி. ‘இது இஞ்சத்தைய உடும்பு, இலை குழைதான் தின்னும்’ என்று மாமா எழுதியிருந்தார். செவ்வரத்தம்பூவும் பூசணி இலையும் கொடுக்கலாமாம். அலரி மட்டும் ஆகவே ஆகாதாம், கடும் நஞ்சாம், வயிற்றுக்குள் போனால் செத்துவிடுமாம். ‘அங்கை வேலியிலை சும்மா கிடக்கிறதை இஞ்சை புத்தகம் பாத்துப் பாத்துக் குடுக்கிறம்’ என்று ஒரு புலம்பல் வேறு. மச்சாளுக்கு ஒரு உடும்பு என்றால் எனக்கும் ஒன்று. அதில் என்ன பிழை?

அடுத்த கிழமையே சின்னமாமா பனங்கூடலுக்குள் ஒன்றைப் பிடித்துவந்தார். என் ஆசைக்காக அல்ல, சட்டிக்காக. அது அவருடைய சேர்ட்டுக் கையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. “உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் எண்டு சும்மாவே சொன்னவங்கள்!” என்று சிரித்தார். நான் முற்றத்தில் விழுந்து புரண்டு அழுதேன். அந்தச் சத்தம் தாங்காமல் அதன் இடுப்பில் கயிறு போட்டு, கோழிக்கூட்டுக்குப் பக்கத்து முருங்கையில் கட்டிவிட்டார்.

“ஒரு கிழமை தாறன். திண்டால் உனக்கு, தின்னாட்டில் கறி. விளங்கிச்சோ?”

ஓம் என்றேன்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! காலையில் செவ்வரத்தம்பூ, மத்தியானம் பூசணி இலை, பின்னேரம் முசுட்டை இலை. உடும்பு ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆடு வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது.

குசினி வாசலில் இருந்து சித்தியும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கச்சி. கடலுக்குப் போன சித்தப்பா மூன்று மாதமாகத் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் அனலைதீவுப் பக்கம் ஒதுங்கியிருந்தது. அதனால் அம்மா சித்தியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருந்தார். சித்தி பேசமாட்டார். சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுவார். சாப்பிடாத சீவன்கள் இரண்டு இருந்த வீடு அது. எனக்கு உடும்பின் கவலைதான் பெரிதாக இருந்தது, அதை மறைப்பானேன்.

எங்கள் வேலியோரம் ஒரு மஞ்சள் அலரி நின்றது. விழுகிற பூவையும் காயையும் நாளுக்கு மூன்று தரம் கூட்டி அள்ளினேன். ஐந்தாம் நாள், உடும்புக்குப் படுக்கை போடப் பழந்துணி தேடி அலுமாரியைத் திறந்தால், சித்தியின் சீலை மடிப்புக்குள் லேஞ்சித் துணியில் முடிந்த ஒரு பொட்டலம். அவிழ்த்துப் பார்த்தேன். அலரிக்கொட்டை.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வாயில்லாச் சீவனை வைத்திருக்கிற வீட்டில் ஒருவருக்காவது பொறுப்பு வேண்டாமா? லேஞ்சியோடு கடற்கரைக்கு ஓடிப்போய் அத்தனையையும் வீசி எறிந்துவிட்டு வந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட இருந்தபோது நியாயம் கேட்டேன்.

“சித்தி, உங்கட சீலைக்குள்ளை கிடந்த அலரிக்கொட்டை எல்லாத்தையும் கடலிலை எறிஞ்சிட்டன். உடும்பு திண்டால் செத்துப்போகுமெல்லோ?”

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. “எடியே…” என்றார். என்னைப் பார்த்தல்ல. எழும்பிப்போய்ச் சித்தியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். “எங்களை விட்டிட்டுப் போகப் பாத்தனியோடி?” என்று கேட்டுக் கேட்டு அழுதார். மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சித்தியும் ஓவென்று அழத் தொடங்கினார். சித்தி எங்கே போகப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. சின்னமாமா கைகூடக் கழுவவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு போய் அலரியை அடியோடு தறித்தார். கறிக்கென்று பிடித்த உடும்பின்மேல் அவருக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொல்லித் திரிந்தேன்.

அலரியைத் தறித்த அன்று பின்னேரம் சித்தி தானாகவே முருங்கையடிக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி, கிணற்றடியில் வேலை இருப்பதுபோல அம்மா நின்றார்.

“பிள்ளை, இது கனடா உடும்பில்லை. இது குழை தின்னாது” என்றார் சித்தி. கோழிக்கூட்டுக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் உடைத்து ஊற்றினார். உடும்பு நாக்கை நீட்டி நீட்டிச் சிரட்டையைத் துடைத்துவைத்தது. கறிச்சட்டியிலிருந்து அது தப்பியது. சித்தியின் வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

எனக்கென்றால் பற்றிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சுகொண்டு ஏன் ஐஞ்சு நாளாச் சொல்லேல்லை? பாவம், பட்டினியெல்லோ கிடந்தது!”

சித்தி என் தலையைத் தடவினார். “ஐஞ்சு நாளும் நான் இஞ்சை இருக்கேல்லை, பிள்ளை.”

பச்சைப் பொய். ஐந்து நாளும் குசினி வாசலில்தான் இருந்தார், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நேரே கிணற்றடிக்குப் போய், சித்தி பொய் சொல்கிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.