ஞாயிறு வள்ளம் இறங்காத கேம்

கம்பனியை மூடுகிற படிவத்தில் "காரணம், சுருக்கமாக" என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கோடு. ஆறு வருசக் கதையை அதற்குள் அடக்க வேண்டுமாம். நல்ல கூத்து!

"நட்டம் எண்டு போடுங்கோ அக்கா. எல்லாரும் அதைத்தான் போடுறவை," என்றாள் கம்பனிப் பதிவுக் கந்தோரில் இருந்த பெண்.

பங்காளிகள் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். மற்றப் பங்காளி என் அண்ணா. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். நோர்வேயில் இருக்கிறான். மூன்று வருசமாக என்னோடு கதைப்பதில்லை. அந்தக் கோட்டில் நான் எதை எழுதினாலும் அவன் வாசிப்பான். அந்த நினைப்பிலேயே கை ஓடவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கம்பனி இருந்தது மன்னார் ரவுனில், ஒரு டயர்க் கடைக்கு மேலே. இரண்டு கதிரை, ஒரு மேசை, தலைக்கு மேலே ஓயாமல் கிரீச்சிடும் ஒரு மின்விசிறி. கேம் வெளியிடுகிற கம்பனி என்றால் சனம் சிரிக்கும். "கேம் விளையாடுறதுக்கு ஒரு கம்பனியோ?" என்று டயர்க் கடைக்காரர் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் வெளியிட்டது நாங்களே செய்த கேம். எங்கள் ஊர்த் தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து வள்ளம் இறக்கி மீன் பிடிக்க வேண்டும். அப்பா கடல் தொழில் செய்தவர். பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பிழை பிடிப்பார். "இந்தக் காத்துக்கு ஆரடா அந்தப் பக்கம் வலை விடுவான்?" என்று அண்ணாவின் தலையில் குட்டுவார். பிறகு கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வாத்தியார் ஒருவர் செய்த நெல்வயல் கேமையும் நாங்கள்தான் திருத்தி, விளம்பரம் போட்டு, வெளியே கொண்டுவந்தோம்.

எங்கள் ஊர் கத்தோலிக்க ஊர், ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. சனி வள்ளம் கரையேறினால் இனித் திங்கள்தான். ஆகவே கேமிலும் ஞாயிறு வள்ளம் இறங்காது. அதை நாங்கள் இருந்து யோசித்துச் செய்யவில்லை. ஞாயிறு ஒருவன் வள்ளம் இறக்குவான் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவேயில்லை. ஞாயிறு போனில் கேமைத் திறந்தால் கோயில் மணி அடிக்கும். அப்பாவின் குரல் வரும்: "இண்டைக்கு ஞாயிறு. வள்ளம் இறங்காது. எல்லாரும் பூசைக்குப் போங்கோ." பிறகு எதை அமத்தினாலும் அசையாது. உலகத்தில் சனம் ஆறுதலாக இருந்து கேம் விளையாடுகிற நாள் அதுதான். அன்றைக்குப் பார்த்துக் கடையைப் பூட்டிய கம்பனி நாங்கள்! விசர்க் கூட்டம்.

அப்படியிருந்தும் வெளிநாட்டுப் பெரிய கம்பனி ஒன்று எங்கள் கேமை எடுக்க வந்தது. ஞாயிறைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அண்ணா ஏலாது என்றான்.

"கேம்தானே அண்ணா? உண்மையான கடலோ?" என்றேன்.

"அப்பான்ர குரல் உண்மைதானே?"

அது சரிதான். ஆனால் ஆசை யாரை விட்டது? அவனும் அப்பாவும் ஒரு கலியாணத்துக்கு அரிப்புக் கிராமத்துக்குப் போன சனிக்கிழமை, மணியையும் குரலையும் எடுத்துவிட்டு அப்டேட்டை வெளியிட்டேன்.

திங்கள் காலை அண்ணா வந்து மேசைக்கு முன்னால் நின்றான். கத்துவான் என்று பயந்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அப்பாவை அழிச்சுப்போட்டாய்," என்றான். லப்டொப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். சில மாதத்தில் நாட்டை விட்டும் போய்விட்டான்.

கொஞ்சக் காலம் விளையாடுகிறவர்கள் கூடினார்கள். பிறகு மளமளவென்று குறைந்தார்கள். கனடாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: "பிள்ளையள், எனக்கு உந்த மீன் பிடிக்கிறதெல்லாம் தெரியாது. ஞாயிறு மணியைக் கேக்கத்தான் திறக்கிறனான். அதை ஏன் நிப்பாட்டினீங்கள்?" அவரைப்போல எத்தனையோ பேர். பெரிய கம்பனியும் எங்களைக் கைகழுவியது. வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியைப் போட்டு உடைத்தவள் நான்தான்.

மணியைத் திரும்பப் போடலாமென்றால் அந்தப் பதிவு அண்ணாவின் லப்டொப்பில். கேட்க முகமில்லை. அப்பாவை இன்னொருமுறை பேசச் சொல்லலாம். ஏன் பிள்ளை என்று கேட்டால் என்ன சொல்வது?

அப்பாவோ பூசை முடிந்து வந்ததும், சட்டைகூட மாற்றாமல் போனை எடுப்பார். காது மந்தம். கேமைத் திறந்து போனைக் காதோடு ஒட்டிப் பிடிப்பார். நான் குசினிக்குள் ஓடிவிடுவேன். இண்டைக்குக் கேட்பார், இண்டைக்குக் கேட்பார் என்று ஒவ்வொரு ஞாயிறும் கழுவின சட்டியையே திரும்பக் கழுவுவேன். ஒருநாளும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தும் எனக்காக வாய் திறக்காமல் இருக்கிறார் என்று நினைத்து வெந்துபோனேன்.

இந்த வருசம் தவக்காலத்தில் அப்பா போய்விட்டார். அண்ணாவால் வர முடியவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் அழுதான்.

படிவம் கொண்டுவந்து இரண்டாம் நாள் ஞாயிறு. அலுமாரிக்குள் கிடந்த அப்பாவின் போனைச் சார்ஜில் போட்டேன். கேமைத் திறந்தேன்.

மணி அடித்தது. "இண்டைக்கு ஞாயிறு. வள்ளம் இறங்காது," என்றார் அப்பா.

ஐயோ, அப்பா என்று கத்திவிட்டேன். சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தா.

"உனக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சனான்! உன்ர அண்ணாதான் அந்த நேரமே அப்பான்ர போனில பழசைப் போட்டு, புதுசு ஏறாமப் பண்ணிக் குடுத்தவன். அப்பா கண்டால் தங்கச்சியை ஏசுவார் எண்டவன்."

மூன்று வருசம்! என்னை ஏச்சிலிருந்து காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான், நான் அவனைக் கல்நெஞ்சன் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற கோட்டில், "பங்காளிக்குச் சொல்லாமல் ஞாயிறு வள்ளம் இறக்கியது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து மணந்தது. நான் எழும்பவில்லை.

பிறகு வந்தது, மூன்று வருசத்துக்குப் பிறகு அவன் எனக்கு எழுதிய முதல் வரி.

"விசரி, இண்டைக்கு ஞாயிறு. நாளைக்குச் சைன் வைக்கிறன்."