முத்திரை அக்காவின் முப்பத்தொரு நிமிஷம்

எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் ஆய்வேடுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது முத்திரை அக்காவின் வேலை. வயது ஐம்பத்தெட்டு, இரண்டு முழங்காலிலும் வலி. வாய்க்கு மட்டும் இன்னும் இருபது வயதுதான். யார் என்ன சிக்கலோடு வந்தாலும் நாலு அதட்டு, இரண்டு போன். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார்.

வயதும் பாலினமும் ஊழியர் திறமையைப் பாதிக்கின்றனவா என்று ஆராய ஓர் ஆய்வு மாணவத் தம்பி வந்தான். மூன்று மாதம் மூலையில் உட்கார்ந்து, யார் எத்தனை ஃபைல் அனுப்புகிறார்கள், எத்தனை நிமிஷம் வெட்டிப்பேச்சு பேசுகிறார்கள் என்று குறித்தான். முதலிடம் எனக்கு. ஆண், வயது முப்பத்திரண்டு, எழுத்துப் பிழைக்குக்கூட ஃபைல் போடுகிறவன். கடைசி இடம் அக்காவுக்கு. அவள்தான் ஃபைலே போடுவதில்லையே!

பட்டியல் கைக்கு வந்ததும் பதிவாளர் சும்மா இருப்பாரா? கடைசி ஆளை அடித்தள ஆவண அறைக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். முப்பத்தாறு படி, லிஃப்ட் கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். மூன்றரை மணிக்குத் தம்பி தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பக்கம் பக்கமாகப் புரட்டிய அக்காவின் விரல் ஓர் அட்டவணையில் நின்றது.

"ஊழியர் நாலு, பெண், ஐம்பத்தெட்டு. பத்தாம் தேதி வெட்டிப்பேச்சு முப்பத்தொரு நிமிஷம். இது நான்தானே?"

"பேரு போடலையே மேடம்."

"அன்னைக்கு யார்கிட்டப்பா பேசினேன்?"

தம்பி அந்த அட்டவணையைக் கையால் மறைக்கப் பார்த்தான். ஆய்வுப் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டு அழாத குறையாக நின்ற அவனுக்காகத்தான் அன்று அக்கா மூன்று அலுவலகங்களுக்குப் போன் போட்டாள். அப்போதும் நேரத்தைக் குறித்திருக்கிறான், புண்ணியவான்!

"சரி, போகட்டும். உன் கைடு கையெழுத்து எங்கே?"

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அவரு வெளியூர்ல இருக்காரு! அஞ்சு மணிக்கு மேல வாங்க மாட்டீங்களே!"

பழக்கதோஷம், நான் ஒரு புது ஃபைலை எடுத்தேன். அக்கா போன்மேல் கையை வைத்தாள்.

"ஃபைல் போட்டா மூணு வாரம். பேசினா அரை மணி நேரம். எது வேணும்?"

"பேசுங்கக்கா!"

"அப்போ பேனாவை எடு. முதல்ல அந்த 'வெட்டி'யை அடி."

நாலரைக்குள் கைடின் சம்மதம் மின்னஞ்சலில் வந்தது, முத்திரையும் விழுந்தது. மறுவாரமே தம்பி பதிவாளருக்குத் திருத்திய அறிக்கை கொடுத்தான். இந்த முறை ஃபைலை விட்டுவிட்டு, தீர்ந்த சிக்கல்களை எண்ணியிருந்தான்.

இதை நான் அடித்தள அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே தலைக்கு மேல் ஃபைல். பாதிக்கு மேல் நான் போட்டவை.