முகம் தெரியாத கண்ணாடி

மரக்காணத்தில் என்னைக் 'கண்ணாடி மேடம்' என்று சொன்னார்கள். மூக்கின் மேல் தடிமனாக ஒன்றை மாட்டிக்கொண்டு அலைந்ததால் வந்த பெயரா, உப்பளத்து வரப்பில் இரும்புச் சட்டம் நட்டு வரிசையாகக் கண்ணாடித் துண்டுகளை வெயிலில் வைத்திருந்ததால் வந்த பெயரா என்று கடைசிவரை யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற அளவுக்கு யாரோடும் பழக்கம் இல்லை. தமிழில் ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் ஏறுவதும் கண்ணாடி. நான் செய்துகொண்டிருந்தது இந்த மூன்றிலும் சேராத ஒன்று. முகமே தெரியாத கண்ணாடி.

அது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் தண்ணீர் சூடாக்கும் பெட்டிகளைச் சில மொட்டைமாடிகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேல் ஒரு கண்ணாடி மூடி இருக்கும். வெயில் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் எந்தக் கண்ணாடியும் வருகிற வெளிச்சம் முழுவதையும் உள்ளே விடாது, கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கடை ஜன்னலைக் கடக்கும்போது அதில் நம் முகம் மங்கலாகத் தெரிகிறதே, அது அப்படித் திரும்பி வந்த வெளிச்சம்தான். அதைத் தடுக்க, மணலில் இருக்கிற சிலிக்காவைக் கரைசலாக்கி, அதில் கண்ணாடியை முக்கி, மெல்ல மேலே இழுத்து, உலையில் சுட்டு ஒரு பூச்சு உண்டாக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சு. சரியாக வந்துவிட்டால் எதிரே போய் நின்றாலும் நம் முகம் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் முதல் துண்டு சரியாக வந்த அன்று அதில் என் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்து, காணாமல் சந்தோஷப்பட்டேன்.

நான்கு வருட வேலை அது. உள்ளே வைத்துச் செய்த எல்லாச் சோதனையிலும் என் பூச்சு தேறியது. "உப்புக் காத்துல ஒரு வருஷம் நின்னு காட்டட்டும், அப்புறம் தீசிஸ் எழுது" என்றார் என் கைடு. நின்றால் எனக்கு முனைவர் பட்டம். நிற்காவிட்டால் வேறு பூச்சு, வேறு கரைசல், மறுபடி முதலிலிருந்து. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவுக்கும் மீதிப் பேர் கல்யாணத்துக்கும் போயாகிவிட்டது. எனக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது.

2005 தொடக்கத்தில் அங்கே போனேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போய் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வாடகைக்கு வீடு சுலபமாகக் கிடைத்தது, ஏனென்றால் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்க யாருக்கும் மனசில்லை. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வானூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "தனியாவா இருக்கப் போறீங்க? பயமா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுத்தப் பொய். கரையோரத்தில் இன்னும் துக்கம் ஆறாத நேரம், கண்ணாடித் துண்டு வைக்க வந்தவளை யார் கவனிக்கப் போகிறார்கள்? கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

உப்பளக்காரர் ஒருவர் தன் பம்பு கொட்டாய்க்குப் பக்கத்தில் சட்டம் நட இடம் கொடுத்தார். சோதனைக்கு ஒரே விதிதான்: ஒரு வருஷம் முடியும்வரை கண்ணாடியை யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது, கழுவக்கூடாது. உப்பு, புழுதி, பனி, காக்கை எச்சம் எதுவானாலும் அதது தன் வேலையைச் செய்யட்டும். சூரியன் உச்சிக்கு வரும்போது நான் போய், ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த உச்சி வெயில்தான் எனக்கு எமனாக வந்தது. உப்பளத்தில் விடிவதற்கு முன்னால் இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் கரையேறிவிடுவார்கள். நான் போகிற நேரம் அவர்கள் திரும்புகிற நேரம். வரப்பில் வரிசையாக வரும் பெண்களுக்கு ஒதுங்கி வழி விடுவேன். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் பாதிச் சிரிப்பு சிரிப்பேன். அப்புறம் அந்த வெளி முழுவதற்கும் நான் ஒருத்திதான். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், தேங்கிய தண்ணீர், ஓயாத காற்று. எல்லாருக்கும் கடைசியாக ஒரு அக்கா வருவார். கொட்டாயைப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போவது அவர் பொறுப்பு. "சாப்டாச்சா மேடம்?" என்பார். "ஆச்சுக்கா" என்பேன். பல நாள் அன்றைக்கு நான் பேசிய ஒரே பேச்சு அதுவாக இருக்கும். அதுவும் பொய், சாப்பிட்டிருக்க மாட்டேன்.

ஒரு ஆளுக்குச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். குழம்பு வைத்தால் மூன்று நாளைக்கு அதே முகத்தில் விழிக்க வேண்டும். சாயங்காலங்களில் வாசலில் நின்று ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்ப்பேன். சில நாள் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும். அழுகை வரவில்லை. வந்திருந்தால் பொழுதாவது போயிருக்கும்.

வாரம் ஒருமுறை கோட்டக்குப்பம் போவேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து பெண்கள் வளைகுடாவில் இருக்கிற கணவன்மார்களோடு பேசுவார்கள். பக்கத்துத் தடுப்பில் யாராவது, "எப்பதான் வருவீங்க, புள்ள கேட்டுக்கிட்டே இருக்குது" என்று மூக்கை உறிஞ்சுவார். அந்தப் பக்கத்துக் குரல், "இன்ஷா அல்லாஹ், பெருநாளுக்கு வந்துடுறேன்" என்று விட்டு விட்டுக் கேட்கும். நான் கைடு அனுப்பிய இரண்டு வரியைப் படித்துவிட்டு நான்கு வரி பதில் எழுதுவேன். எனக்கு அந்தப் பெண்கள் மேல் பொறாமையாக இருந்தது. பிரிந்திருக்கவாவது அவர்களுக்கு ஒரு ஆள் இருந்தது.

கோடையில் மீட்டர் இறங்க ஆரம்பித்தது. புழுதி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் பெய்த கோடை மழை கழுவி விடும் என்று பார்த்தால், இருந்த புழுதியைச் சேறாக்கி அப்பிவிட்டுப் போனது. மேலே உப்புப் பூத்துத் துண்டுகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. 'மேலே படிந்த அழுக்குதான், அடியில் பூச்சு நன்றாக இருக்கிறது' என்று கைடுக்கு எழுதினேன். எழுதும்போது நம்பினேன். துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் துடைக்கக்கூடாது என்பது விதி. அந்த விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்குப் போகவில்லை. போனால் பட்டம் எப்போது, கல்யாணம் எப்போது என்று ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். காலையில் கோட்டக்குப்பம் போய் மெயில் பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி, நேராக அளத்துக்கு நடந்தேன். தூரத்திலேயே கொட்டாயில் வாழைக்கன்று கட்டியிருப்பது தெரிந்தது. பம்புக்குச் சந்தனம் குங்குமம், மண்வெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம், உப்பு வாரும் பலகைகளுக்கும் அதே. அடுத்து என் இரும்புச் சட்டம். சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. துண்டுகள் எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளத்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பொட்டு. கடைசித் துண்டை அந்த அக்கா ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ! யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்று கத்தினேன். அத்தனை மாதம் பேசாமல் சேர்த்து வைத்த குரல் எல்லாம் அதில் வந்தது.

அவர் துணியோடு எழுந்து நின்றார். "எல்லாத்துக்கும் பூசை போட்டோம் மேடம். மம்பட்டிக்குக்கூட பொட்டு வெச்சாச்சு. உங்களுது மட்டும் அநாதையா நிக்குதேன்னு மனசு கேக்கல."

இன்னும் கத்துவதற்காகத் திறந்த வாயோடு பக்கத்தில் இருந்த துண்டைக் குனிந்து பார்த்தேன். அதில் நான் இருந்தேன். மூக்குக் கண்ணாடி, கலைந்த தலை, திறந்த வாய், எல்லாம் தெளிவாக. அடுத்த துண்டிலும் நான்தான். அதற்கடுத்ததிலும். பூச்சு இருந்தால் என் முகம் தெரியாது. முகம் தெரிந்தால் பூச்சு இல்லை. ஈரத் துணியால் துடைத்தால் போகிற பூச்சு இல்லை அது. அதைவிட முரட்டுத்தனமாக எத்தனையோ தடவை நானே தேய்த்துப் பார்த்திருக்கிறேன். உப்பும் ஈரமும் அழுக்குக்கு அடியில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சைக் கரைத்திருக்கின்றன. அவர் விலக்கியது திரையை மட்டும்தான்.

"தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. முகம் தெரியுது, அதான்."

"பளிச்சுன்னு தெரியுதுல்ல? ஊறவெச்சுத் தொடச்சேன்" என்றார் பெருமையாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொட்டாய் நிழலில் உட்கார வைத்து, தாளில் பொரியும் கடலையும் கொட்டிக் கொடுத்தார். மற்ற பெண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அந்த ஊரில் நான்கு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து நான் தின்றது அதுதான் முதல் தடவை.

"என் வேலை தோத்துப்போச்சுக்கா" என்றேன். "நீங்க தொடச்சதால இல்ல. முன்னாடியே."

அவர் பொரியை அளைந்தார். "அப்ப ஊருக்குப் போயிடுவீங்களா?"

"போவணும்."

"போறதுன்னா சொல்லிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கைடுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரோ கழுவிட்டாங்கன்னு சொல்றியே, அப்ப சோதனை கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம். பூச்சு தோத்ததா ஆகாது. புதுத் துண்டு வெச்சு இன்னொரு வருஷம் பாரு" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் ஆசையாக இருந்தது. நான்கு வருட வேலை தோற்கவில்லை, யாரோ கெடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அப்படி எழுதினால் கெடுத்தது யார் என்று ஒரு வரி வர வேண்டும். அத்தனை மாதத்தில் என் வேலையையும் ஒரு வேலை என்று மதித்துப் பொட்டு வைத்தவர் அவர் ஒருவர்தான். அவர் செய்ததைச் சேதம் என்று எழுத எனக்குக் கை வராது.

"கழுவினதால போகல சார். அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"நிச்சயமா?"

"முகம் தெரியுது சார்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வந்து சேரு" என்றார். பட்டம் வாங்க அதற்கப்புறம் இன்னும் மூன்று வருஷம் ஆனது.

சட்டத்தைக் கழற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை சாதாரண மழை இல்லை. ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. விட்ட பிறகு போய்ப் பார்த்தால் பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் அளம் முழுவதும் ஒரே தண்ணீர். கொட்டாய் பூட்டியிருந்தது. துண்டுகளை எடுத்துக்கொண்டு டீக்கடையில் விசாரித்தேன்.

"மழ வந்துட்டா அளத்துல ஏது வேல? பொம்பளைங்க எல்லாம் நடவுக்குப் போயிருப்பாங்க, பெருமுக்கல் பக்கம்" என்றார் கடைக்காரர். "யாரைப் பாக்கணும்?"

எனக்கு அந்த அக்காவின் பெயர் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. "கொட்டாயப் பூட்டுவாங்களே, அவங்க" என்றேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டு நாள் காத்திருந்துவிட்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். செய்தித்தாளில் சுற்றிய துண்டுகள் மடியில். பெருமுக்கல் மலை தெரிய ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் வயல்களில் ஆட்கள் தெரிந்தார்கள். வரிசை வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள். தலையில் முக்காடு, முதுகு மட்டும் தெரிகிறது. யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பஸ் வேகம் எடுத்தது. வயல் முடியப் போகிறது. சொல்லாமல் போகப் போகிறோம் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. துண்டுகளை ஸீட்டில் வைத்துவிட்டு, எழுந்து, ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, போயிட்டு வர்றேன்க்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்த வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. யார் முகமும் எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் நாற்றோடு கையைத் தூக்கி ஆட்டினார், உடனே மற்றவர்களும் ஆட்டினார்கள். "போயிட்டு வாம்மா!" என்று ஒரு குரல் வந்தது.

பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "யாரும்மா, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.